பகுதிநேரம் என்று எழுதிவிட்டால் செலவு குறைந்துவிடாது: நிதித்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நிதித்துறைச் செயலாளர் அவர்களுக்கும் பள்ளிக்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

அரசுப் பள்ளிகளின் பகுதிநேர ஆசிரியர்களைக் காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தரப் பணியாளருக்குரிய ஊதிய விகிதத்துக்கு, கொண்டுவரும் கோரிக்கை எழும்போதெல்லாம், நிதிநிலை இடம் தரவில்லை, சீரானதும் பரிசீலிக்கப்படும் என்ற பதில்தான் வருகிறது. ஆட்சி மாறினாலும் இந்தப் பதில் மாறவில்லை. எவ்வளவு செலவாகும், எந்தக் கணக்குத் தலைப்பில் விழும், இப்போதைய ஏற்பாட்டால் உண்மையில் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கை அந்தப் பதிலோடு சேர்த்து யாரும் வெளியிட்டதில்லை. ஊதியப் பட்டியல் தயாரிப்பதும் தணிக்கைத் தடைகளுக்கு விளக்கம் எழுதுவதும் எங்கள் வேலை. அதனால் அந்தக் கணக்கை நாங்களே போட்டுப் பார்த்தோம். மாநில நிதியைக் காப்பதற்காக என்று சொல்லப்படும் இந்த ஏற்பாடு மாநில நிதிக்கே கேடு செய்கிறது என்பதுதான் எங்கள் முடிவு. அதற்கான எண்களைக் கீழே வைக்கிறோம்.

2011 நவம்பர் 11 நாளிட்ட பள்ளிக்கல்வித் துறை அரசாணை 177 இதற்குத் தொடக்கம். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் நிதியில் 16,549 பேரை நியமிக்க அது வழிசெய்தது. உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், இசை, தோட்டக்கலை, வாழ்வியல் திறன் ஆகிய பாடங்களுக்கு 2012 மார்ச்சில் அவர்கள் பணியேற்றார்கள். வாரம் மூன்று அரைநாள், மாதம் 12 அரைநாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். அந்தத் தொகை 2014இல் 7,000, 2017இல் 7,700, 2021இல் 10,000, 2024இல் 12,500 என்று ஏறியது. இவை எவையும் அகவிலைப்படியோடு இணைந்த உயர்வுகள் அல்ல. ஒவ்வொரு முறையும் போராட்டம் நடந்து, அதன் பிறகு ஓர் அறிவிப்பு வந்து கிடைத்தவை. பள்ளி விடுமுறை என்ற காரணம் காட்டி மே மாதத்துக்கு ஊதியம் இல்லாமலேயே பல ஆண்டுகள் கழிந்தன. இறந்தவர், ஓய்வு பெற்றவர், விலகியவர் போக இன்று பணியில் இருப்பவர்கள் ஏறத்தாழ 12,000 பேர்.

2024ஆம் ஆண்டின் 12,500 ரூபாயையே அடிப்படையாக எடுத்துக்கொள்வோம். 11 மாதத்துக்கு ஒருவருக்கு 1,37,500 ரூபாய். 12,000 பேருக்கு ஆண்டுக்கு 165 கோடி. இந்தப் பாடங்களை நடத்தும் சிறப்பாசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் காலமுறை ஊதியத்தில் 20,600. அதன்மேல் 2025 ஜூலை நிலவரப்படி 58% அகவிலைப்படி சேர்ந்தால் மாதம் 32,548. அப்போது நடைமுறையில் இருந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கான அரசின் 10% பங்கையும் சேர்த்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,29,600 ரூபாய்; 12,000 பேருக்கு 516 கோடி. கூடுதல் செலவு 351 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. அதில் இந்தக் கூடுதல் தொகை முக்கால் விழுக்காடு. வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி, ஆண்டு ஊதிய உயர்வு ஆகியவற்றை நாங்கள் சேர்க்கவில்லை. அவை சேரும்போது தொகை கூடும் என்பதை மறைக்கவும் இல்லை. அவற்றைச் சேர்த்தாலும் மாநில நிதியைக் கவிழ்க்கும் தொகையாக அது ஆகிவிடாது.

இதே கணக்கை வேலைநாளுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அரசாணைப்படி மாதம் 12 அரைநாள் என்றால் 6 முழு நாள். 11 மாதத்துக்கு 66 நாள். 1,37,500 ரூபாயை 66ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 2,083 ரூபாய். முழுநேர ஆசிரியருக்கு, கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு விதிக்கும் 220 வேலைநாளைக் கொண்டு வகுத்தால், ஓய்வூதியப் பங்கையும் சேர்த்தே ஒரு நாளுக்கு 1,953 ரூபாய்தான். செலவு 3.12 மடங்காகும்போது பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நாள்கள் 3.33 மடங்காகின்றன. ஆக, அரசாணையில் உள்ளபடி மட்டும் வேலை வாங்கினால் பகுதிநேர ஏற்பாட்டில் மிச்சம் என்று எதுவும் இல்லை. மிச்சம் வருகிறது என்றால் அரசாணையைத் தாண்டி வேலை வாங்கப்படுகிறது என்றே பொருள். நடப்பதும் அதுதான். கணினிப் பாடத்துக்கு வந்தவர் எமிஸ் என்ற பள்ளி விவர இணையதளத்தில் பதிவேற்றம், விலையில்லாப் பொருள்களின் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம் என்று மாலை வரை இருக்கிறார். உடற்கல்விக்கு வந்தவர் குறுவட்டப் போட்டிக் காலம் முழுவதும் மைதானத்தில் நிற்கிறார். இந்த நேரத்துக்கான கூலி எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஏறாத கூலியைச் சிக்கனம் என்று கணக்கில் காட்டுவது சரியல்ல.

இனி, இந்தச் செலவு கணக்கில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். நிரந்தரப் பணியாளரின் சம்பளம் 301 என்ற விவரத் தலைப்பில் பதிவாகிறது. அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்குப் பிறகு வந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணம் 309, அதாவது உதவி மானியம் என்ற தலைப்பில் மாநிலத் திட்ட இயக்ககத்துக்குப் போய், அங்கிருந்து மாவட்டம், வட்டார வள மையம் என்று இறங்குகிறது. பல துறைகளில் தொகுப்பூதியமும் ஒப்பந்தக் கூலியும் 333, தொழில்முறை மற்றும் சிறப்புப் பணிகளுக்கான கட்டணம் என்ற தலைப்புக்குள் போகின்றன. சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகிய மூன்றும் வருவாயில் எத்தனை பங்கு என்று நிதிக்குழுவுக்கும் சட்டமன்றத்துக்கும் காட்டும்போது இந்த ஆட்கள் அந்தக் கூட்டலில் வருவதில்லை. தணிக்கைத் துறைத் தலைவரின் நிதிக் கணக்குகளில் சம்பளச் செலவின் ஒப்பீட்டுக்கென்று தனி இணைப்பு இருக்கிறது. மானியத்துக்குள் கரைந்த சம்பளத்தை அதில் தேடிப் பிரிக்க முடியாது. ஒரே பள்ளியில், ஒரே மணியடிப்புக்கு வகுப்புக்குப் போகும் இருவரில் ஒருவர் சம்பளமாகவும் மற்றவர் மானியமாகவும் பதிவாகிறார்கள். சம்பளச் சுமை குறைந்ததுபோல் தெரிகிறது. கருவூலத்திலிருந்து போகும் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. 2025-26இல் 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறையை மதிப்பிட்டிருக்கும் ஒரு மாநிலத்துக்கு இப்படி மங்கலான கணக்கு ஆபத்தானது. தெரியாத செலவைத் திட்டமிட முடியாது.

இன்னொரு கேடு, வரவு பிறர் கையில் இருப்பது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60%, மாநிலத்தின் பங்கு 40%. அந்த 60 விழுக்காடும் ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் திட்ட ஒப்புதல் குழு ஏற்கும் தொகைக்குத்தான். மாநிலம் அதற்கு மேல் உயர்த்தித் தரும் ஒவ்வொரு ரூபாயும் முழுக்க மாநிலத்துடையது. ஒன்றிய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25இல் 2,152 கோடி நிறுத்தப்பட்டது. வட்டியோடு 2,291 கோடி கேட்டு மாநிலம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று. அந்த நிறுத்தத்தை எதிர்த்து நின்ற மாநில அரசின் பக்கமே நாங்களும் நிற்கிறோம். ஆனால் அதே நிகழ்வு காட்டிய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் நாள்தோறும் நடக்கும் நிலையான பாடம் ஒன்றின் ஊதியத்தை, ஆண்டுதோறும் ஒப்புதல் வாங்க வேண்டிய திட்ட நிதியின்மேல் வைத்தால், டெல்லியில் ஒரு கோப்பு நிற்கும்போது இங்கே ஓர் ஓவிய ஆசிரியரின் வீட்டில் அரிசி வாங்கும் பணம் நின்றுபோகும். அப்போது மாநிலம் தன் கையிலிருந்து கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. எதிர்பாராத செலவாக அவசரத்தில் கொடுப்பதைவிட, எதிர்பார்த்த செலவாக முன்கூட்டியே ஒதுக்குவதுதான் நிதி நிர்வாகம்.

நிலுவைத் தொகை பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மாநில நிதிக்கு மிகப் பெரிய அடி அங்கிருந்துதான் வரப்போகிறது. முறையான நியமனம் இல்லாத தற்காலிகப் பணியாளர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று 2006இல் உச்ச நீதிமன்றத்தின் உமாதேவி வழக்குத் தீர்ப்பு வந்ததிலிருந்து, முறைப்படி உருவாக்கிய பணியிடம் இல்லை என்ற வாதத்தை அரசுத் துறைகள் கேடயமாகப் பிடித்துவருகின்றன. அந்தக் கேடயம் தேய்ந்துவிட்டது. 2016இல் பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரப் பணியாளரின் வேலையையே செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு அந்த ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் ஆண்டுக்கணக்கில் பகுதிநேரம் என்ற பெயரில் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் செய்தவர்களைப் பணிவரன்முறை, அதாவது நிரந்தரம், செய்ய ஆணையிட்டது. 2025 ஆகஸ்டில் தரம் சிங் வழக்கில், உத்தரப் பிரதேச அரசு முன்வைத்த நிதி நெருக்கடிக் காரணத்தை ஏற்காமல், அடிப்படைப் பணிகளைச் செய்பவரின் முதுகில் அரசு தன் வரவு செலவைச் சமன்செய்யக் கூடாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. தேவையானால் மிகைப் பணியிடங்களை, அதாவது அனுமதித்த எண்ணிக்கைக்கு மேற்பட்ட பணியிடங்களை, உருவாக்கவும் சொன்னது. அதே மாநிலத்தில், இதே கட்டாயக் கல்விச் சட்ட அட்டவணையின்கீழ் நியமிக்கப்பட்ட பகுதிநேரப் பயிற்றுநர்களுக்கு 2017-18இல் திட்ட ஒப்புதல் குழு மாதம் 17,000 ரூபாய் ஒப்புக்கொண்டது. மாநிலம் கொடுத்தது அதைவிடக் குறைவு. அந்த வழக்கு அலகாபாத் உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம் வரை போனது.

இங்கே அப்படி ஒரு தீர்ப்பு வந்தால் என்ன ஆகும்? முழுநேர வேலை வாங்கியதற்குச் சான்று பள்ளியிலேயே இருக்கிறது: வருகைப் பதிவேடு, கால அட்டவணை, தேர்வுப் பணி ஆணை, விளையாட்டுப் போட்டிக்கான மாற்றுப்பணி உத்தரவு. ஊதிய நிலுவையைப் பொதுவாக வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு என்று நீதிமன்றங்கள் வரையறுக்கின்றன. மேலே எடுத்துக்கொண்ட விகிதத்தில் ஓய்வூதியப் பங்கு நீங்கலான ஊதிய வித்தியாசம் ஆண்டுக்கு 304 கோடி. மூன்று ஆண்டுக்கு 911 கோடி. 8% தனிவட்டி போட்டால் சராசரி ஒன்றரை ஆண்டுக்கு இன்னும் 109 கோடி. ஏறத்தாழ 1,020 கோடியை மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ கொடுக்கச் சொல்வார்கள். மேல்முறையீடு, சீராய்வு என்று இழுத்தால் வட்டி நிற்காது. கடைசியில் அவமதிப்பு மனுவில் செயலாளர்கள்தான் நேரில் நிற்க வேண்டிவரும். திட்டமிட்டுச் செய்தால் ஆண்டுக்கு 70 கோடி வீதம் ஐந்து ஆண்டில் ஏறக்கூடிய ஒரு செலவு, இப்படி ஒரே ஆண்டில் ஆயிரம் கோடியாக வந்து இறங்கும். அந்த ஆண்டில் வெட்டப்படுவது வகுப்பறைக் கட்டடமாகவோ ஆய்வகமாகவோதான் இருக்கும். சம்பளத்தை வெட்ட முடியாது, வட்டியை வெட்ட முடியாது என்பதை நாங்கள் சொல்லி நிதித்துறை அறிய வேண்டியதில்லை.

வருங்கால வைப்பு நிதியும் இப்படித்தான் சேர்ந்துகொண்டிருக்கிறது. வைப்பு நிதிச் சட்டத்திலிருந்து அரசு நிறுவனத்துக்குக் கிடைக்கும் விலக்கு, தன் பணியாளருக்கு அரசு விதிப்படியான ஓய்வூதியமோ வைப்பு நிதியோ உரிமையாக உள்ள இடத்துக்குத்தான். இரண்டுமே இல்லாத பணியாளரை வைத்துக்கொண்டு அந்த விலக்கைக் கேட்க முடியாது. உரிய மாதத்தில் பிடிக்காமல் விட்ட பணியாளரின் பங்கைப் பின்னால் அவரிடமிருந்து வசூலிக்கவும் சட்டம் இடம் தரவில்லை; இரண்டு 12 விழுக்காடும் வேலை தந்தவர் தலையில். 12,500 ரூபாய்க்கு மாதம் 3,000 வீதம், பிடிக்காமல் விட்ட 12,000 பேருக்கு 11 மாதத்தில் 39.6 கோடி. அதன்மேல் 1952ஆம் ஆண்டு வைப்பு நிதிச் சட்டத்தின் 7-க்யூ பிரிவில் ஆண்டுக்கு 12% வட்டி. பிறகு சேதத் தொகை தனி. ஒழுங்காகப் பிடித்திருந்தால் இதில் பாதிதான் அரசின் செலவு.

நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் காலியாகிப்போனதையும் சிக்கனத்தில் சேர்க்க வேண்டாம். 6 முதல் 8 வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலை, உடற்கல்வி, பணிக்கல்விக்குப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்பது சட்ட அட்டவணை. ஆள் இல்லாத பள்ளியில் அந்தப் பாடவேளை கணக்குக்கோ அறிவியலுக்கோ போகிறது, அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகம் ஊரில் வசூல் செய்து ஒருவரை வைக்கிறது. அப்போது அரசின் செலவு, கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் செலவாகிறது. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 7,500, 10,000, 12,000 என்று தற்காலிக ஆசிரியர்களை எடுத்ததும் இதே பாதையின் நீட்சி. ஒரு தற்காலிக அடுக்குக்குமேல் இன்னொன்று.

இது பள்ளிக்கல்வியோடு நிற்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் மாதம் 50,000 வரை என்று சொன்ன இடத்தில் அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு 2024-25இல் கிடைத்தது 25,000. ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர்களும் தூய்மைக் காவலர்களும் வாங்கும் சொற்பத் தொகைக்கும் ஊராட்சி நிதியைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளரை மதிப்பூதியக்காரர் என்றே நாடு முழுக்க எழுதிவந்தோம்; 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கு ஒன்றில் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1975இல் தொடங்கிய ஒரு திட்டத்துக்கு, எந்த நிதிநிலை அறிக்கையிலும் எழுதாத ஒரு கடன் 47 ஆண்டு கழித்து வந்து நின்றது.

ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்ற அச்சம் நிதித்துறைக்கு இருப்பது எங்களுக்குத் தெரியும். கேட்பார்கள்தான். அதனால்தான் எல்லோரையும் முதலில் எண்ணுங்கள் என்கிறோம். எண்ணாமல் இருப்பதால் கோரிக்கை குறைவதில்லை. ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாகச் சாலைக்கு வருகிறது, ஒவ்வொரு முறையும் 2,000, 2,500 என்று அளந்து கொடுத்து அனுப்பப்படுகிறது. அந்த உயர்வுகளுக்கு எந்த விதியும் இல்லை, அடுத்த உயர்வு எப்போது என்ற கணிப்பும் இல்லை. நடுத்தர கால நிதித் திட்டம் போடுகிறவருக்கு இதைவிடத் தொல்லையான செலவு வேறு இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

அடுத்த நிதிநிலை அறிக்கையோடு ஓர் இணைப்பு வெளியிடுங்கள். துறைவாரியாக எத்தனை பேர் பகுதிநேரம், தொகுப்பூதியம், மதிப்பூதியம், ஒப்பந்தம் என்று பணியாற்றுகிறார்கள், எவ்வளவு பெறுகிறார்கள், எந்தக் கணக்குத் தலைப்பில், அதில் ஒன்றியப் பங்கு எத்தனை என்று அதில் இருக்க வேண்டும். இவர்கள் அனைவரையும் அரசு ஊழியரின் ஊதியப் பட்டியல் போடும் களஞ்சியம் மென்பொருளில் தனி வகையாகப் பதிந்தால் இந்த இணைப்பை ஆண்டுதோறும் ஒரு பொத்தானில் எடுக்கலாம். நிலுவையிலுள்ள ஊதிய, பணிவரன்முறை வழக்குகளால் வரக்கூடிய தொகையை மதிப்பிட்டு, அதை நடுத்தர கால நிதித் திட்டத்தில் வரக்கூடிய பொறுப்பாகக் காட்டுங்கள்.

2012இல் பணியேற்ற சிறப்பாசிரியர்களுக்கு, பணியேற்ற நாளின் முதுநிலைப்படி ஆண்டுக்கு 2,400 பேர் வீதம் ஐந்து ஆண்டில் மிகைப் பணியிடங்களை உருவாக்கி அரசாணை வெளியிடுங்கள். ஓய்வு வயதை நெருங்கியவர்களை முதல் ஆண்டிலேயே சேருங்கள். கல்வித் தகுதியில் குறை உள்ளவர்களுக்கு அதை முடிக்க மூன்று ஆண்டு அவகாசம் கொடுங்கள். ஒரு பள்ளியில் முழுநேரத்துக்குப் பாடவேளை போதாவிட்டால், அருகருகே உள்ள பள்ளிகளைச் சேர்த்த குறுவள மைய எல்லைக்குள் இரண்டு அல்லது மூன்று பள்ளிகளை இணைத்து ஒருவருக்குக் கொடுங்கள். ஒருவர் நான்கு பள்ளி வரை பணியாற்றலாம் என்று அரசாணை 177 அன்றே வழி விட்டிருக்கிறது.

அது நடக்கும் வரை 12 மாதமும் முழு ஊதியம் என்பதை விதியாக்குங்கள். வைப்பு நிதிப் பிடித்தத்தை உடனே தொடங்குங்கள். ஒன்றியப் பங்கு வந்தாலும் வராவிட்டாலும் மாதக் கடைசி வேலைநாளில் மாநில நிதியிலிருந்து ஊதியத்தை வழங்கி, பங்கு வந்ததும் சரிக்கட்டுங்கள். அரசாணையில் உள்ள 12 அரைநாளுக்கு மேல் வேலை வாங்கினால் தலைமையாசிரியர் சான்றோடு அதற்கும் பட்டியல் போட ஆணையிடுங்கள்.

பத்து ஆண்டுச் செலவு, சட்டப் பொறுப்பு ஆகியவற்றின் மதிப்பீடு இல்லாத எந்தப் புதிய பகுதிநேர நியமனக் கோப்புக்கும் நிதித்துறை ஒப்புதல் தரக் கூடாது.

நாங்கள் போட்ட கணக்கில் பிழை இருந்தால் உங்கள் கணக்கை வெளியிட்டுத் திருத்துங்கள். பிழை இல்லையென்றால், நிதிநிலை இடம் தரவில்லை என்ற பதிலைத் திரும்பப் பெற்று, மேற்கண்ட ஒவ்வொன்றுக்கும் 90 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பகுதிநேரப் பணியாளரின் ஊதியக் கணக்குகளைக் கையாளுவோர்